இலக்கம் மாறிய மைனர்: வெள்ளவத்தையில் ஒரு பழைய கார் விற்பனை

பின்னணி

பழைய வாகனங்களுக்கு மதிப்புப் பார்ப்பது என் வேலை. 2024 பெப்ரவரியில் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டில் எண்பது தாண்டிய ஓர் அம்மாவும், ஆசிரியையான அவருடைய மகளும் இருந்தார்கள். மகன் டொரொன்டோவில். பழைய வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டுவதற்கு ஒருவரோடு பேசி முடித்தாகிவிட்டது. வருட முடிவுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். கராஜில் நின்ற மொரிஸ் மைனரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நான் போவதற்கு முன்பே ஒரு விற்பனை குலைந்திருந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஆள் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

கார் 1955ஆம் ஆண்டு மைனர், இரண்டு கதவு. முன்கண்ணாடி நடுவில் பிளந்திருக்கும், ஸ்பீடோமீற்றர் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும், உள்ளே 803 சீசீ எஞ்சின். மைனர் 1948இல் லண்டனில் அறிமுகமான கார். அலெக் இசிகொனிஸ் வடிவமைத்தது. 1971 வரை 16 இலட்சம் அளவில் தயாரானது. கொழும்பில் இன்றும் மைனர் ஓடுவதற்குக் காரணம் ஆசை மட்டுமில்லை. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, 1970இலிருந்து 1977 வரை பொருளாதாரமே மூடிக்கிடந்தது. கையில் இருந்த காரை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பார்ட்ஸ் தேடுவதும், கிடைக்காததை அடித்துச் செய்வதும் இங்கே ஒரு தொழிலாக வளர்ந்தது அப்படித்தான். பிறகு இங்கே அடித்த மைனர் தகரப் பகுதிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானதும் உண்டு. எனக்கு அதில் இன்றும் பெருமைதான்.

அம்மாவின் கணவர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். 1961இல் இந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கினார். அதன் இலக்கத் தகடு, சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளில் இரண்டைச் சேர்த்து ஆரம்பிக்கும் பழைய வரிசையைச் சேர்ந்தது. 1950களின் பிற்பகுதியில்தான் வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1957, 1958இல் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டமும் நடந்தது. ஸ்ரீக்கு முந்தைய தகடு என்பதில் அவருக்கு ஒரு பிடிப்பு இருந்ததாக மகள் சொன்னார். இன்று சேகரிப்பவர்களும் அந்தப் பழைய வரிசைக்குத் தனி விலை கொடுக்கிறார்கள். பின்னால் நடந்தவற்றில் அந்த விலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1983 ஜூலையில் வீட்டின் முன்பகுதி எரிந்தது. அலுமாரியோடு காரின் பதிவுப் புத்தகமும் போனது. கார் தப்பியது: பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அதை முதல் நாளே தங்கள் பின்வளவுக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய், மேலே ஓலையும் சாக்கும் போட்டு மூடிவைத்திருந்தார்கள். குடும்பம் கப்பலில் யாழ்ப்பாணம் போய், ஒன்றரை வருடம் கழித்துத்தான் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே அவர் புத்தகத்தின் பிரதிக்கு விண்ணப்பித்தார். 1984இல் பிரதி கிடைத்தது.

அவர் 2019இல் காலமானார். கார் அவர் பெயரிலேயே நின்றது.

முதல் அறிகுறி

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் எடுக்கும் முறை தொடங்கியபோது வாகன இலக்கத்தோடு, தொழிற்சாலை காரின் உடலுக்குக் கொடுத்த சசி இலக்கத்தையும் கேட்டார்கள். புத்தகம் சட்டத்தரணியிடம் இருந்ததால், மகள் பொனட்டைத் திறந்து சசித் தகட்டில் இருந்த இலக்கத்தைப் பார்த்துப் போட்டார். ஏற்கவில்லை. இரண்டு தரம் போட்டும் ஏற்கவில்லை. சட்டத்தரணியிடமிருந்து புத்தகத்தின் படப்பிரதி வந்ததும் அதிலிருந்ததைப் போட்டார், உடனே ஏற்றது. கறளில் எழுத்தைப் பிழையாக வாசித்துவிட்டோம் என்று விட்டுவிட்டார். அந்த நாட்களில் யாரும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். பெற்றோல் கிடைத்ததே பெரிய விஷயம். இருந்தாலும், இந்த விவகாரம் முழுவதும் அன்றைக்கே கண்ணுக்கு முன்னால் நின்றிருக்கிறது.

முதல் விற்பனை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு எல்லாப் பழைய வாகனங்களுக்கும் விலை ஏறியது. 2023 கடைசியில் ஒரு தரகர் வந்து, பெயின்ட் அடித்தால் நல்ல விலை போகும் என்றார். இரண்டரை இலட்சம் செலவில் டிங்கர் வேலையும் பெயின்டும் நடந்தது. மங்கிய பச்சையாக நின்ற கார் பளபளக்கும் மெரூனாகத் திரும்பி வந்தது.

ஜனவரியில் ஒரு டொக்டர் வந்து பார்த்தார். நாலைந்து பழைய கார் வைத்திருப்பவர். 16 இலட்சத்துக்குப் பேசி, ஒரு இலட்சம் முற்பணம் கொடுத்தார். மறு கிழமை தன் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மெக்கானிக் பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் இருந்த சசி இலக்கத் தகட்டை டோர்ச் அடித்துப் பார்த்தார். தகடு 1955இன் தகடு. அதைப் பிடித்திருந்த பொப் ரிவட் இரண்டும் கடையிலிருந்து நேற்று வாங்கியது போல மின்னின. பிறகு புத்தகத்தை வாங்கி ஒப்பிட்டார். தகட்டில் நடுவில் 73. புத்தகத்தில் அதே இடத்தில் 37.

டொக்டர் மரியாதையாகவே பேசிவிட்டுப் போனார். ஆனால் இந்த வட்டம் சிறியது. ஒரு கிழமைக்குள் "வெள்ளவத்தை மைனர் ஒட்டுக் கார்" என்ற பேச்சு பரவிவிட்டது. ஒட்டுக் கார் என்றால் ஒரு காரின் உடலும் இன்னொரு காரின் புத்தகமும் சேர்ந்தது.

அடுத்த நாளே தரகர் திரும்பி வந்தார். இலக்கப் பிரச்சினை உள்ள காரை யாரும் தொடமாட்டார்கள், ஆறு இலட்சத்துக்குத் தானே எடுக்கிறேன் என்றார். ஓபன் பேப்பரில். அதாவது, உரிமை மாற்றும் எம்டிஏ 6 படிவத்தில் விற்பவரின் கையொப்பம் மட்டும் இருக்கும்; வாங்குபவரின் பெயர் வெறுமையாக இருக்கும். உரிமையாளர்தான் காலமாகிவிட்டாரே என்று மகள் கேட்டதற்கு, கையொப்பத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம்தான் மகள் என்னை அழைத்தார்.

கராஜில் நான் கண்டது

முதலில் காருக்கு அடியில் படுத்தேன். வெள்ளவத்தைக் கடற்காற்றில் நின்ற காரில் கறளைத்தான் முதலில் தேட வேண்டும். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடல்தான் சட்டம். பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும் உளுத்தால் காரே போச்சு. இந்தக் காரில் அந்த இடங்கள் கெட்டியாக இருந்தன. பழைய ஒட்டுப்போடல்கள் நேர்மையான வேலை. முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன் என்ற மூட்டில் கிறீஸ் இருந்தது. மைனரில் அது தேய்ந்தால் சில்லு ஓடும்போதே மடிந்துவிடும். கவனமானவர்தான் அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிப்பார்.

பிறகு தகட்டைப் பார்த்தேன். தகர வேலையும் பெயின்டும் செய்த டிங்கர் பாஸிடம் தொலைபேசியில் கேட்டேன். பெயின்ட் அடிக்கத் தடங்கலாக இருந்ததால் தகட்டைக் கழற்றி, அடித்து முடித்ததும் புது ரிவட் போட்டதாகச் சொன்னார். மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த பழைய ஆணிகளை வீசிவிட்டார். தகடு பிறந்த இடத்திலேயே இருந்தது என்பதற்கு அந்த ஆணிகள்தான் சாட்சி.

இங்கே நான் ஒரு பிழை விட்டேன். அம்மா வாசற்படியில் இருப்பதைக் கவனிக்காமல், "ஒட்டாகத்தான் இருக்கும் போல" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அம்மா உள்ளே வந்து, "தம்பி, அவர் இந்தக் காரிலை ஒரு ஆணி மாத்தினாலும் எழுதி வைக்கிற மனிசன். உடம்பை மாத்தியிருந்தால் எழுதாமல் இருந்திருப்பாரோ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு கொப்பியை எடுத்துவரப் போனார்.

எடுத்த முடிவும் காரணமும்

அன்றிரவு மகனும் தொலைபேசியில் இருக்க, மூன்று விஷயம் முடிவானது. தரகருக்கு இல்லை என்று சொல்வது. டொக்டரின் முற்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுப்பது. இலக்கம் ஏன் மாறியது என்று தெரியும்வரை யாருக்கும் விலை சொல்லாமல் இருப்பது.

ஆறு இலட்சத்தை மறுத்தது விலைக்காக இல்லை. காலமானவரின் பெயரில் இருக்கும் கார் திறந்த படிவத்தில் போனால், நாளைக்கு அது யாரையாவது அடித்துவிட்டு நின்றாலும், கடத்தலில் பிடிபட்டாலும், பொலிஸ் முதலில் வரும் இடம் இந்த வீடுதான். இன்னொன்றும் உண்டு. ஸ்ரீக்கு முந்தைய புத்தகம் ஒன்று சும்மா கையில் கிடைத்தால், அதை வேறு ஒரு உடலோடு சேர்த்து விற்க ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது இது உண்மையிலேயே ஒட்டுக் காராகிவிடும்.

மகனுக்குத் தயக்கம் இருந்தது. வீட்டை ஒப்படைக்கும் தவணை நெருங்குகிறதே என்றார். நியாயமான கேள்வி. காரைத் தெகிவளையில் உறவினர் ஒருவரின் கராஜுக்கு மாற்றி அதைச் சமாளித்தோம்.

தகடும் கொப்பியும்

மூன்று சாத்தியம் இருந்தது: உடல் மாறியிருக்கலாம், தகடு வேறு காரிலிருந்து வந்திருக்கலாம், அல்லது புத்தகத்தில் பிழை இருக்கலாம்.

தகட்டில் தொடங்கினேன். அந்தக் கால மைனர் இலக்கத்துக்கு முன்னால் சில எழுத்துகள் இருக்கும். இதில் எஃப், பி, ஈ, பிறகு 2. எஃப் என்றால் மைனர். பி என்றால் இரண்டு கதவு; நாலு கதவானால் ஏ. ஈ என்றால் பச்சை. 2 என்றால் வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஏற்றுமதிக்குச் செய்தது. கார் இரண்டு கதவு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நிறம்? கதவின் உள் அட்டையைக் கழற்றினோம். பாஸின் மெரூன் அங்கே போகவில்லை. உள்ளே, தூசுக்குக் கீழே, பச்சை. ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க அது தெளிந்து வந்தது. அம்மா விரலை வைத்துப் பார்த்து, "இதுதான் அந்த நிறம்" என்றார்.

தகடும் உடலும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஆனால் அது போதாது. பச்சை இரண்டு கதவு மைனர் ஒன்றே ஒன்றுதானா ஓடியது?

அம்மா கொண்டுவந்த கொப்பி 1985இலிருந்து 2018 வரை அவருடைய கணவர் எழுதியது. ஒயில் மாற்றம், ரயர், பற்றரி, பிரேக் சிலிண்டர், எல்லாம் திகதியோடு. உடல் மாற்றியதாக ஒரு வரியும் இல்லை. எஞ்சின் மாற்றச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தியதை மட்டும் இரண்டு இடத்தில் குறித்திருந்தார். 803 எஞ்சின் மெதுவானது, பலர் டட்சன் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள். அவர் மாற்றவில்லை. கொப்பியின் முதல் பக்கத்தில் காரின் விபரம்: சசி இலக்கத்தில் 37 என்று அவரே எழுதியிருந்தார். சட்டத்தரணியின் கோப்பில் இருந்த 1984 விண்ணப்பப் பிரதியும் அதே கையெழுத்து, அதே 37. கார் கொழும்பில் ஓலைக்குக் கீழே இருக்க, புத்தகம் எரிந்துபோயிருக்க, யாழ்ப்பாணத்தில் இருந்து நினைவிலிருந்து எழுதிய இலக்கம் அது. திரும்பி வந்த பிறகு புதுப் புத்தகத்தைப் பார்த்தே கொப்பியிலும் எழுதியிருக்கிறார்.

இது என் ஊகம்தான். ஊகத்தை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக முடியாது. எரிவதற்கு முந்தைய கடதாசி வேண்டும்.

வீட்டில் இருந்தவை எரிந்தன, காரில் இருந்தவை எரியவில்லை. இது எனக்கு உறைக்க இரண்டு நாள் எடுத்தது. மைனரின் டாஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டி அழுத்திய அட்டையில் செய்தது. பழசானால் பின்விளிம்பு விலகி இடைவெளி விழும். பெட்டியை மெதுவாக வெளியே எடுத்தோம். பின்னால் ஒரு சீப்பு, 1970களின் பேருந்துச் சீட்டு ஒன்று, நாலாக மடித்த ஒரு காப்புறுதிப் பத்திரம். 1974. மடிப்புகளில் கிழிந்து, ஒயில் கறை ஊறியிருந்தது. வாகன இலக்கம் சரி. எஞ்சின் இலக்கம் சரி. சசி இலக்கத்தில் 73.

அதே நேரம் மகன் டொரொன்டோவிலிருந்து இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு விண்ணப்பித்தார். தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து அவர்கள் சான்றிதழ் கொடுக்கிறார்கள். சில கிழமையில் வந்தது: 73 உள்ள அந்த இலக்கம், 1955, இரண்டு கதவு, பச்சை, ஏற்றுமதி. கீழே எஞ்சின் இலக்கம்.

அந்த எஞ்சின் இலக்கம்தான் முடிச்சை அவிழ்த்தது. டைனமோவுக்கு மேலே எஞ்சின் கட்டையில் உள்ள இலக்கமும் அதுவே. 37 என்று எழுதிய பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் அதுவே. அப்படியானால் புத்தகமும் தொழிற்சாலைப் பேரேடும் ஒரே காரைத்தான் சொல்கின்றன; சசி இலக்கத்தில் இரண்டு எண் மட்டும் இடம் மாறியிருக்கிறது. டட்சன் எஞ்சின் ஏற்றியிருந்தால் கட்டையில் இருக்கும் இந்தச் சாட்சி இருந்திருக்காது.

காலிமுகத்திடலில் உள்ள கோல் பேஸ் ஹோட்டலில் 1935 ஸ்டான்டர்ட் நைன் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. இளவரசர் பிலிப் 1940இல் கடற்படையில் இங்கே இருந்தபோது வைத்திருந்த கார். அதே மாதிரிக் கார் இன்னொன்று பக்கத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வித்தியாசம் வரலாற்றில் இருக்கிறது, அந்த வரலாற்றை நிரூபிப்பது கடதாசி. எழுதுவினைஞரின் மைனருக்கும் அதே கணக்குத்தான்.

திணைக்களத்தில்

இந்தப் பகுதி நீளமானது, ஆனால் சொல்ல அதிகமில்லை. முதலில் சட்டத்தரணி மூலம் வாரிசுரிமை வேலை முடிந்து, காரின் உரிமை அம்மாவுக்கு என்று உறுதியானது. பிறகு சத்தியக்கடதாசி, காப்புறுதிப் பத்திரம், மியூசியச் சான்றிதழ், கொப்பியின் படப்பிரதி, கதவுக்குள் இருந்த பச்சை நிறத்தின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பித்தோம். ரிவட் பற்றி மறைக்கவில்லை. டிங்கர் பாஸும் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தார். நாலு மணித்தியாலம் வேலையை விட்டுவிட்டு வந்து கையொப்பமிட்டார். பரிசோதகர் காரைப் பார்த்து, தகட்டையும் ரிவட்டையும் எஞ்சின் இலக்கத்தையும் படம் எடுத்தார். ஐந்து மாதத்தில் திருத்திய புத்தகம் அம்மாவின் பெயரில் வந்தது.

விற்பனை

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. பழைய கார் விலை விழுந்துவிடும் என்று பலர் அவசரப்பட்டார்கள். நான் பொறுக்கச் சொன்னேன். பழைய பாவனைக் கார் வேறு, சேகரிப்புக் கார் வேறு. புதுக் கார் வந்தால் முன்னதற்குத்தான் விலை இறங்கும்.

ஏப்ரலில் கார் 15 இலட்சத்துக்குப் போனது. வாங்கியவர் நீர்கொழும்புப் பக்கத்துத் தமிழர், மைனர் மட்டுமே சேகரிப்பவர். முதலில் பேசிய 16ஐவிடக் குறைவுதான். காரணத்தை அவர் ஒளிக்கவில்லை: பச்சையில் மங்கி நின்றிருந்தால் 18 கொடுத்திருப்பேன், மெரூனை உரிக்கிற செலவு எனக்குத்தானே என்றார். பெயின்டுக்குக் கொடுத்த இரண்டரை இலட்சத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆலோசனை குடும்பத்துக்கு எவ்வளவு நட்டம் என்று தெரியும். படிவத்தில் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து கையொப்பமிட்டார்கள். காப்புறுதிப் பத்திரமும் சான்றிதழும் காரோடு போயின. கொப்பியை அம்மா கொடுக்கவில்லை, படப்பிரதி கொடுத்தார்.

இனிச் செய்வதானால்

பெயின்டுக்கு விடும் முன்பே என்னை அழைத்திருந்தால், அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அடித்தே ஆக வேண்டுமானால், தகட்டை அது இருக்கும் இடத்திலேயே வைத்து, ஆணிகள் தெரிய, அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, மேலே ரேப் ஒட்டி அடிக்கச் சொல்லியிருப்பேன். கழற்றுவதாயிருந்தால் ஆணியை ஒரு உறையில் போட்டுத் தரச் சொல்ல வேண்டும்.

2022இல் இலக்கம் ஏற்காதபோது ஒரு கடதாசியில் குறித்து வைத்திருந்தாலே, ஒரு வருடம் முன்னதாக வேலை தொடங்கியிருக்கும். அப்போது விற்கும் அவசரமும் இருக்கவில்லை.

என் பக்கத்தில் மாற்ற வேண்டியது வேறு. சான்று கையில் வரும்முன் ஒட்டு என்ற சொல்லை நான் வாயில் எடுத்திருக்கக் கூடாது. அந்தச் சொல் ஏற்கெனவே ஒரு கிழமை கொழும்பில் சுற்றி அந்தக் குடும்பத்தை நோகடித்திருந்தது. இப்போதெல்லாம் முதல் நாளில் நான் கேட்கும் முதல் கேள்வி, 1983க்கு முந்தைய கடதாசி ஏதாவது எங்கேயாவது இருக்கிறதா என்பதுதான். கையுறைப் பெட்டி, ஆசனத்துக்கு அடி, டிக்கியில் ஸ்பெயார் சில்லுக்குக் கீழே என்று இடங்களையும் சொல்லித் தேடச் சொல்கிறேன்.

போன மாதம் வாங்கியவர் படம் அனுப்பினார். பொனட்டும் ஒரு கதவும் பச்சைக்குத் திரும்பிவிட்டன. தகட்டில் அந்தப் புது ரிவட்டுகள் அப்படியே இருந்தன. பழைய மாதிரி ஆணி தேடிப் போடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார், திணைக்களம் எடுத்த படத்தில் இந்த ரிவட்தானே இருக்கிறது.